ஐந்து அணுக்களின் தடிமன்

செயலியின் மூலப்பொருள் சிலிக்கான். குவார்ட்ஸ் பாறையைக் கரியோடு சேர்த்து மின் உலையில் காய்ச்சினால் 98, 99 விழுக்காடு தூய்மையுள்ள சிலிக்கான் கிடைக்கும். அலுமினியக் கலவை செய்ய அது போதும். செயலி செய்யப் போதாது. ஆகவே அதை ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைபுரிய வைத்து ட்ரைகுளோரோசிலேன் என்னும் திரவமாக்கி, திரும்பத் திரும்ப வடித்தெடுத்து, அதன் ஆவியிலிருந்து சிலிக்கானை மறுபடியும் படியவைக்கிறார்கள். முடிவில் நூறு கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில்கூட வேற்று அணு மிஞ்சக் கூடாது.

தூய்மையான சிலிக்கான் 1,414 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த உருகலின் பரப்பைத் தொடும்படி ஒரு சிறு விதைப்படிகத்தை இறக்கி, சுழற்றிக்கொண்டே மிக மெதுவாக மேலே இழுப்பார்கள். ஒட்டி வரும் சிலிக்கான், விதையின் அணு வரிசையையே பின்பற்றி உறைந்து ஒற்றைப் படிகத் தூணாக வளரும். உலோகங்கள் எவ்வளவு வேகத்தில் படிகமாகின்றன என்று அளப்பதற்காகப் போலந்து நாட்டு வேதியியலர் யான் சொக்ரால்ஸ்கி 1916-இல் கண்ட வழி இது. டிரான்சிஸ்டர் பிறக்க அப்போது இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வளர்ந்த தூணை மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்து மெருகேற்றினால் வேஃபர் தயார். இன்றைய கணினிச் செயலிகள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபரில் செய்யப்படுகின்றன. அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

வேஃபரின் மேல் சுற்றை எழுதுவது ஒளி. ஒளிபட்டால் மாறும் வேதிப்பூச்சு ஒன்றைத் தடவி, சுற்றின் வரைபடம் உள்ள முகமூடித் தகட்டின் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். பூச்சில் பதிந்த கோடுகளுக்கு ஏற்ப அடியிலுள்ள பொருளை அரித்தெடுப்பார்கள். வேண்டிய இடத்தில் போரான், பாஸ்பரஸ் அணுக்களைச் செலுத்துவார்கள். பிறகு அடுத்த அடுக்கு. இப்படி நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி ஒரு வேஃபர் வெளியே வரச் சில மாதங்கள் ஆகும். நீண்ட காலம் 193 நானோமீட்டர் அலைநீள ஒளியே இந்த வேலையைச் செய்தது. இன்று மிக நுண்ணிய அடுக்குகளுக்கு 13.5 நானோமீட்டர் ஒளி பயன்படுகிறது. அதைக் காற்றும் விழுங்கிவிடும், கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும் என்பதால், வெற்றிடத்தில் ஆடிகளைக் கொண்டு மட்டுமே அதைத் திருப்ப முடியும். நொடிக்கு 50,000 தகரத் துளிகளை லேசரால் அடித்து ஆவியாக்கி அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். அந்த எந்திரத்தைச் செய்யும் நிறுவனம் உலகில் ஒன்றுதான்: நெதர்லாந்தின் ஃபெல்ட்ஹோஃபன் நகரில் உள்ள ஏஎஸ்எம்எல்.

ஒரே வேஃபரில் செய்யப்பட்ட சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. ஒரு தூசி விழுந்த இடத்தில் உள்ள சிப் பயனற்றுப் போகும். பிழைத்தவற்றிலும் ஒன்று குறைந்த மின்னழுத்தத்தில் வேகமாக ஓடும். பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த இன்னொன்று அதே வேகத்துக்கு அதிக மின்னழுத்தம் கேட்கும். சோதித்துப் பார்த்த பிறகே எது எந்தப் பெயரில், எந்த விலையில் விற்கப்படும் என்பது முடிவாகிறது. கடையில் வெவ்வேறு மாடல்களாக இருப்பவற்றில் பல, பிறப்பில் ஒரே வடிவமைப்பைச் சேர்ந்தவை. ஒரே மாடல் எண்ணுள்ள இரண்டு செயலிகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று அதிகமாகச் சூடாவதற்கும் காரணம் இதுவே.

செயலி எவ்வளவு மின்சாரம் குடிக்கும், அதற்கு எந்த மதர்போர்டு பொருந்தும், எந்த எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) தாங்கும் என்ற கேள்விகளெல்லாம் இந்தத் தொழிற்சாலையிலேயே பிறக்கின்றன. வாங்குபவர் அவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் காண்கிறார். அவை ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள் என்பதைத் தெளிவாகக் காட்டுவது, 2004-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஒரு செயலியின் வரலாறு. அதற்குமுன் மின்செலவின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்செலவின் கணக்கு

டிரான்சிஸ்டர் ஒரு மின் கதவு. ஒருபுறமிருந்து மறுபுறம் செல்லும் மின்னோட்டத்தை நடுவில் உள்ள வாயில் என்னும் பகுதி திறக்கிறது, மூடுகிறது. வாயிலுக்கும் அடியிலுள்ள சிலிக்கானுக்கும் இடையில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. மின்னோட்டம் அதைத் தாண்டக் கூடாது. மின்புலம் மட்டும் தாண்டிச் சென்று கதவை இயக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை கதவு மாறும்போதும் சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வெளியேறுகிறது. அதற்கான மின்திறன், மின்தேக்குத் திறனையும், மின்னழுத்தத்தின் இருமடியையும், நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் அளவைச் சார்ந்தது. மின்னழுத்தத்தின் இருமடி என்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் மின்செலவு கால்பங்காகும்.

1993-இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. அதன் 66 மெகாஹெர்ட்ஸ் மாடல் உச்சத்தில் 16 வாட் செலவழித்தது. அடுத்த ஆண்டே கோடுகளை இன்னும் நுண்மையாக்கி, 3.3 வோல்ட்டில் ஓடும் பென்டியத்தை இன்டெல் வெளியிட்டது. அதன் 100 மெகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஏறத்தாழ 10 வாட் போதுமாக இருந்தது. வேகம் ஒன்றரை மடங்கானது, மின்செலவோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் 5 வோல்ட் தரும் பழைய போர்டில் 3.3 வோல்ட் சிப்பைச் செருகினால் அது கருகிவிடும். ஆகவே 273 துளைகள் கொண்ட சாக்கெட் 4 ஒதுக்கப்பட்டு, 320 துளைகள் கொண்ட சாக்கெட் 5 வந்தது. மின்னழுத்தம் மாறினால் சாக்கெட் மாறும் என்ற வழக்கத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தக் குறைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் ஒரு விதியைத் தந்திருந்தார்கள். டிரான்சிஸ்டரின் நீளம், அகலம், ஆக்சைடின் தடிமன், மின்னழுத்தம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், ஒரு சதுர மில்லிமீட்டரில் செலவாகும் மின்திறன் மாறாது. அதே இடத்தில் இருமடங்கு டிரான்சிஸ்டர்களை அடைக்கலாம், அவை முன்பைவிட வேகமாகவும் ஓடும், சூடு மட்டும் கூடாது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணினித் துறை இந்த விதியின் வரத்தில்தான் வளர்ந்தது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை பெருகும் என்று சொன்ன கோர்டன் மூர் உலகப் புகழ் பெற்றார். அவர் சொன்னது பயன் தந்ததற்குக் காரணமான டென்னார்டின் பெயர் துறைக்கு வெளியே அதிகம் தெரியாமல் போனது வருந்தத்தக்கது.

விதிக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. முதலாவது மின்னழுத்தத்தின் எல்லை. கதவு திறக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தத்தையும் கூடவே குறைக்க வேண்டும். அதைக் குறைத்தால், மூடிய நிலையிலும் கதவு முழுதாக மூடாது. அறை வெப்பநிலையில், மிகச் சிறந்த டிரான்சிஸ்டரில்கூட, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வாயிலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் இறங்கியாக வேண்டும். வெப்ப இயற்பியல் விதித்த அளவு இது. சிப் சூடானால் இன்னும் மோசமாகும். ஆகவே திறப்பு மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தாலே கசிவு பன்மடங்காகும்.

இரண்டாவது எல்லை ஆக்சைடுப் படலம். 90 நானோமீட்டர் தலைமுறையில் இன்டெல் செய்த டிரான்சிஸ்டரில் அதன் தடிமன் 1.2 நானோமீட்டர். அதாவது ஏறத்தாழ ஐந்து அணு அடுக்குகள். அவ்வளவு மெல்லிய சுவரை எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிகளின்படி ஊடுருவிச் செல்லும். அதை எவ்வளவு தூய்மையாகச் செய்தாலும் தடுக்க முடியாது.

இந்தக் கசிவுகளுக்குச் செயலி வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. மின்சாரம் இருந்தால் போதும். கசிவால் சிப் சூடாகிறது, சூட்டால் கசிவு கூடுகிறது.

பிரெஸ்காட்

2000 நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4, அதிர்வெண்ணை முதன்மையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஒரு கட்டளையை நிறைவேற்றும் வேலையைப் பல சிறு படிநிலைகளாக உடைத்தால், ஒவ்வொரு படிநிலைக்கும் ஆகும் நேரம் குறையும், அதிர்வெண்ணைக் கூட்டலாம். தொடக்கத்தில் அதில் 20 படிநிலைகள் இருந்தன. விளம்பரப் பலகையில் கிகாஹெர்ட்ஸ் எண்ணே செயலியின் மதிப்பைச் சொன்ன காலம் அது. இந்த வடிவமைப்பு காலப்போக்கில் 10 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று இன்டெல் பேசியது.

130 நானோமீட்டர் தலைமுறைப் பென்டியம் 4-க்கு நார்த்வுட் என்று உட்பெயர். 5.5 கோடி டிரான்சிஸ்டர்கள், பின்னாளைய சிப்களின் பரப்பு 131 சதுர மில்லிமீட்டர், 3.4 கிகாஹெர்ட்ஸ் மாடலின் வெப்ப வடிவமைப்பு அளவு 89 வாட். 2004 பிப்ரவரியில் 90 நானோமீட்டரில் வந்த பிரெஸ்காட்டில் 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள். படிநிலைகள் 31 ஆயின. உள்நினைவகம் இருமடங்காகி 1 மெகாபைட் ஆனது. பரப்போ 112 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கியது. பழைய அனுபவத்தின்படி கோடுகள் நுண்மையானதும் மின்செலவு இறங்கியிருக்க வேண்டும். அதே 3.4 கிகாஹெர்ட்ஸுக்கு பிரெஸ்காட் கேட்டது 103 வாட். சிறிய பரப்பில் அதிக வாட் என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலிருந்தும் எடுக்க வேண்டிய வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது என்று பொருள். பெரும்பாலான பணிகளில் நார்த்வுட்டைவிட அது வேகமாகவும் இல்லை. படிநிலைகள் நீண்டதால், அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று செயலி முன்கூட்டியே செய்யும் கணிப்புத் தவறிய ஒவ்வொரு தடவையும் பாதி முடிந்த வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் இழப்பு பெரிதாயிற்று.

அதிர்வெண்ணைக் கூட்டினால் இந்த இழப்பு ஈடாகும் என்பது திட்டம். கூட்ட முடியவில்லை. 3.8 கிகாஹெர்ட்ஸில் 115 வாட் தொட்டதும் பாதை முடிந்தது. பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த டேஜாஸ் என்ற செயலியை 2004 மே மாதத்தில் இன்டெல் கைவிட்டது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ அக்டோபரில் கைவிட்டது. அதே மாதம் ஆர்லாண்டோவில் நடந்த கருத்தரங்கில் நிறுவனத் தலைமைச் செயல் அலுவலர் கிரெய்க் பாரெட் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

போர்டுக்குப் போன சுமை

வாட் என்ற ஒற்றை எண் மதர்போர்டின் கஷ்டத்தைச் சொல்லாது. 115 வாட்டை 1.3 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 90 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி இழுப்பது எட்டு ஆம்பியருக்கு அக்கம்பக்கம். செயலியின் உள்ளங்கைக்கும் குறைவான பரப்பில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பாய்கிறது. 100 ஆம்பியர் பாயும் வழியில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும், பத்தில் ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போய் 10 வாட் வீண் வெப்பமாகும். செயலியின் அடியில் தெரியும் தொடுமுனைகளில் பாதிக்கு மேல் தகவல் கடத்துவதற்கு அல்லாமல், மின்சாரத்தைக் கொண்டுவரவும் திருப்பி அனுப்பவும் மட்டும் ஒதுக்கப்படுவது இதனால்தான். பாதைகள் பலவானால் ஒவ்வொன்றின் சுமையும் தடையின் இழப்பும் குறையும்.

இந்த மின்னோட்டத்தைத் தயாரிப்பது, சாக்கெட்டை ஒட்டியிருக்கும் மின்னழுத்தச் சீராக்கி. எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் 12 வோல்ட்டை அங்குள்ள மின் சுவிட்சுகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டுகின்றன. சுருள்களும் மின்தேக்கிகளும் அந்தத் துண்டுகளைச் சமப்படுத்தி 1.3 வோல்ட்டாக்குகின்றன. ஒரே சுற்று இத்தனை ஆம்பியரைத் தாங்காது என்பதால் மூன்று, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுகள் முறைவைத்து இயங்கும். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சுருள்களை எண்ணினாலே ஒரு போர்டின் தாங்குதிறனை ஓரளவு ஊகிக்கலாம். விலை மலிந்த போர்டில் முதலில் குறைக்கப்படுவதும் அந்த இடம்தான். பெயர்ப்பலகையில் தெரியாத இந்தக் குறைவு, சில ஆண்டுகள் கழித்து உப்பிய மின்தேக்கிகளாக வெளியே தெரியும்.

எஸ்எம்பிஎஸ்-உம் மாறவேண்டியிருந்தது. முந்தைய கணினிகளில் செயலிக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி 5 வோல்ட் கம்பிகளில் வந்தது. 115 வாட்டை 5 வோல்ட்டில் கொண்டுவர 23 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் 10 ஆம்பியருக்குள் அடங்கும். ஆகவே பென்டியம் 4 வந்த 2000-ஆம் ஆண்டிலேயே, செயலிக்கென்று தனியாக நான்கு கம்பிகள் கொண்ட 12 வோல்ட் இணைப்பான் வந்தது. கணினி பழுதுபார்ப்பவர்கள் பலரும் இன்றும் அந்தச் சதுர இணைப்பானை பி4 என்றே அழைக்கிறார்கள். சில ஆண்டுகளில் முதன்மை இணைப்பானும் 20 முனைகளிலிருந்து 24 முனைகளாகியது. பழைய எஸ்எம்பிஎஸ்-ஐப் புதிய போர்டோடு இணைத்தவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில். பெட்டியில் எழுதியிருக்கும் மொத்த வாட் போதுமானதாகத் தோன்றும். அதில் பெரும்பங்கு 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பக்கவாட்டு ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படிப்பது, மொத்த வாட்டைப் படிப்பதைவிட எப்போதும் பயனுள்ளது.

வெப்பத்தை வெளியேற்றும் கணக்கு இன்னும் கடுமையாக இருந்தது. கேபினெட்டின் பக்கத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, வெளிக்காற்றை நேராகச் செயலியின் விசிறிக்குக் கொண்டுவரும்படி இன்டெல் வழிகாட்டியது. விசிறிக்குள் நுழையும் காற்று 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. சென்னையிலும் மதுரையிலும் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையின் காற்றே அந்த அளவைத் தொட்டுவிடும்; கேபினெட்டுக்குள் போனபின் சொல்லவே வேண்டாம். வெப்பம் எல்லை மீறினால் பென்டியம் 4 தன் கடிகாரத் துடிப்பை விட்டுவிட்டு ஓடவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். கணினி நின்றுவிடாது, காரணம் தெரியாமல் மந்தமாகும். மென்பொருளையும் வைரஸையும் சந்தேகித்து, கணினியை அழித்து மீண்டும் நிறுவிய பலருடைய சிக்கல், ஹீட்சிங்க்கில் அடைத்த தூசியாக இருந்திருக்கும்.

ஒரே சாக்கெட், வேறு போர்டு

2004 ஜூனில் பிரெஸ்காட்டுக்காக எல்ஜிஏ 775 சாக்கெட் வந்தது. ஊசிகள் செயலியிலிருந்து சாக்கெட்டுக்கு மாறின. செயலியின் அடியில் தட்டையான 775 தொடுதிட்டுகள் மட்டும் இருந்தன. இந்தச் சாக்கெட்டின் வரலாறு, பொருத்தம் என்பது வடிவத்தோடு முடிவதில்லை என்பதற்கான முழுப் பாடம்.

தொடக்கத்திலேயே சிக்கல் இருந்தது. அதே சாக்கெட்டில் 84 வாட் செயலிகளும் 115 வாட் செயலிகளும் அமர்ந்தன. எல்லாப் போர்டுகளும் இரண்டையும் தாங்கக் கூடியவை அல்ல. ஆகவே 04ஏ, 04பி என்று குறியீடுகளை இன்டெல் வகுத்தது. போர்டின் குறியீடும் செயலியின் உறையிலுள்ள குறியீடும் ஒத்துப்போக வேண்டும். 2005-இல் ஒரே உறைக்குள் இரண்டு பிரெஸ்காட் மையங்களை (கோர்களை) அடைத்த பென்டியம் டி வந்தபோது 95 வாட்டுக்கு 05ஏ, 130 வாட்டுக்கு 05பி என்று பட்டியல் நீண்டது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் வாங்குபவர்களில் எத்தனை பேர் அந்தச் சிறு எழுத்தைக் கவனித்திருப்பார்கள்?

2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் மடிக்கணினிகளுக்காகப் பென்டியம் எம் செயலியை உருவாக்கிய குழுவின் சிந்தனை அதற்கு அடிப்படை. படிநிலைகள் 14 ஆகக் குறைந்தன. 3 கிகாஹெர்ட்ஸைக்கூட எட்டாத அதிர்வெண்ணில், 65 வாட்டில், அது 130 வாட் பென்டியம் டியை வென்றது. அதே 775 சாக்கெட்டில் அச்சாக அமர்ந்தது. பாதி மின்சாரம் கேட்கும் செயலி பழைய போர்டில் ஓடுவதற்குத் தடை என்ன இருக்க முடியும் என்று எவரும் நினைப்பார்கள். பழைய போர்டுகள் பலவற்றில் அது ஓடவில்லை.

காரணம் மறுபடியும் மின்னழுத்தம். செயலி தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சில முனைகளின் வழியே எண்குறியாகப் போர்டுக்குத் தெரிவிக்கும். சீராக்கி அதைப் படித்துக் கொடுக்கும். கோர் 2 டுவோ பேசியது விஆர்டி 11 என்ற புதிய விதிமுறையின் எண்குறி. பழைய சீராக்கிக்கு அது புரியாது. சிப்செட்டும் பயாஸும்கூடப் புதிய செயலியை அறிந்திருக்க வேண்டும். தைவானின் ஆஸ்ராக் நிறுவனம், 2003-இல் வந்த பழைய 865 சிப்செட்டோடு புதிய சீராக்கியைச் சேர்த்து, கோர் 2 டுவோ ஓடும் ஒரு போர்டையே விற்றது. பழைய டிடிஆர் ராமும் பழைய ஏஜிபி கிராபிக்ஸ் அட்டையும் வைத்திருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். சிப்செட்டைவிடச் சீராக்கியே பெரிய தடையாக இருந்தது என்பதற்கும் அது சான்று.

ராம் விஷயத்தில் எல்ஜிஏ 775 தாராளமாக இருந்தது. நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று அப்போது செயலிக்கு வெளியே, சிப்செட்டில் இருந்தது. அதனால் டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என்ற மூன்று தலைமுறை ராம்களையும் ஒரே சாக்கெட் கண்டது. ஏஎம்டி 2003-லேயே அத்லான் 64 செயலியில் அந்தச் சுற்றைச் செயலிக்குள் கொண்டுவந்திருந்தது. நினைவகம் விரைவாகப் பதிலளித்தது. விலையாக, ராம் மாறும்போது சாக்கெட்டும் மாறவேண்டி வந்தது. 2006-இல் டிடிஆர்2-க்காக வந்த ஏஎம்2 சாக்கெட்டில் 940 துளைகள். அதற்கு முன்பே சர்வர்களுக்கென்று இருந்த சாக்கெட்டிலும் 940 துளைகள். எண் ஒன்று, அமைப்பு வேறு. ஒன்றின் செயலி மற்றதில் அமராது. 2008-இல் இன்டெலும் அந்தச் சுற்றைச் செயலிக்குள் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்தத் தலைமுறை ராம் பொருந்தும் என்பது செயலியையும் பொறுத்ததாயிற்று.

கசிவுக்கான மருந்தும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 2007 நவம்பரில், 45 நானோமீட்டர் தலைமுறையில், சிலிக்கான் ஆக்சைடுப் படலத்தின் இடத்தில் ஹாஃப்னியம் கலந்த பொருளை இன்டெல் பயன்படுத்தியது. மின்புலத்தை அது எளிதாகக் கடத்துவதால் படலத்தைத் தடிமனாக வைக்கலாம். எலக்ட்ரான்கள் ஊடுருவுவது வெகுவாகக் குறைந்தது. 2012-இல் 22 நானோமீட்டரில், வாயில் மூன்று பக்கமும் சூழ்ந்து பிடிக்கும்படி டிரான்சிஸ்டரைத் துடுப்பாக எழுப்பினார்கள். மேசைக் கணினிகளுக்கான மேல்நிலைச் செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு 95 வாட்டிலிருந்து 77 வாட்டாக இறங்கியது. முந்தைய ஆண்டின் போர்டுகளில் பெரும்பாலானவை, பயாஸைப் புதுப்பித்ததும் அதை ஏற்றுக்கொண்டன.

அண்மைக் காலம்

2017-இல் அந்த இணக்கம் மீண்டும் முறிந்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலிகள், 2015 முதல் இருந்த அதே 1151 தொடுமுனைகளோடு வந்தன. பழைய போர்டில் ஓடாது என்று அறிவிக்கப்பட்டது. நான்கு மையங்கள் ஆறாகியதால் அதிக மின்னோட்டம் தேவை என்று காரணம் கூறப்பட்டது. முன்பு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த முனைகள் சில மின்சாரத்துக்குத் திருப்பப்பட்டன. மையங்களுக்கு மின்சாரம் தரும் முனைகள் 128-லிருந்து 146 ஆயின. ஆயினும் ஆர்வலர்கள் சிலர் ஒருசில முனைகளை மறைத்து, பயாஸை மாற்றியெழுதி, பழைய போர்டுகளில் அவற்றை ஓட்டிக் காட்டினார்கள். ஆறு மையச் செயலிக்கு அந்தக் காரணம் ஓரளவு பொருந்தும். நான்கே மையங்களும் 65 வாட்டும் கொண்ட தொடக்கநிலை மாடலையும் தடுத்ததற்கு அது போதுமான நியாயம் ஆகாது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் எதிர்த்திசையில் போனது. 2016 முதல் 2022 வரை பல தலைமுறைகளை அது தாங்கியது. தடை எதிர்பாராத இடத்தில் முளைத்தது. பயாஸ் இருக்கும் சிப்பின் கொள்ளளவு பல போர்டுகளில் 16 மெகாபைட். எல்லாத் தலைமுறைச் செயலிகளுக்கும் வேண்டிய நிரல்கள் அதில் அடங்கவில்லை. சில நிறுவனங்கள் பயாஸ் திரையின் அலங்காரங்களை நீக்கி இடம் பண்ணின. சில, பழைய செயலிகளுக்கான ஆதரவை நீக்கின. புதிய செயலி ஓடப் புதிய பயாஸ் வேண்டும். புதிய பயாஸை ஏற்ற ஓடுகிற செயலி வேண்டும். இந்த முட்டுக்கட்டையில் சிக்கியவர்களுக்குப் பழைய செயலி ஒன்றை இரவல் அனுப்பும் ஏற்பாட்டையே ஏஎம்டி செய்தது. இன்று பல போர்டுகளில் செயலி இல்லாமலேயே யுஎஸ்பி வழியாகப் பயாஸை ஏற்றும் பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானுக்காகச் சற்று அதிகம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

வாட் எண்ணின் பொருளும் மாறிவிட்டது. 105 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்4 செயலி, சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கலாம். இன்டெலின் 13-ஆம் தலைமுறை கோர் ஐ9-13900கே-இன் அடிப்படை அளவு 125 வாட். உச்ச அளவு 253 வாட். உச்ச அளவையும் தாண்டும்படி, 4,096 வாட் என்று பொருளற்ற ஓர் எல்லையை இட்டுப் பல போர்டுகள் விற்கப்பட்டன. சோதனைப் பட்டியல்களில் ஓரிரு விழுக்காடு முன்னால் நிற்பதற்காகப் போர்டு நிறுவனங்கள் எடுத்த இந்த முடிவு பொறுப்பற்றது. வாங்குபவர் குளிரூட்டியையும் எஸ்எம்பிஎஸ்-ஐயும் பெட்டியில் அச்சிட்ட வாட்டுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்திருப்பார். போர்டு வேறு கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும்.

இந்தத் தலைமுறையிலும் அடுத்த 14-ஆம் தலைமுறையிலும் பலருடைய கணினிகள் காரணமின்றி நின்றன, விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொண்டன. 2024-இல் இன்டெல் காரணத்தை விளக்கியது. செயலிக்குள் கடிகாரத் துடிப்பைப் பங்கிடும் சுற்று ஒன்று, அதிக மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் விரைவில் மூப்படைந்தது. அது சரியாக இயங்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தம் நாளடைவில் உயர்ந்துகொண்டே போனது. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டது செயலிக்குள் இருந்த நிரலின் பிழை. எல்லையைத் தளர்த்திய போர்டு அமைப்புகளும் அதற்குத் துணைபோயின. 2024 ஆகஸ்டில் வந்த திருத்தம் பயாஸ் புதுப்பிப்பாகப் போர்டு நிறுவனங்கள் வழியே கிடைத்தது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. மூப்படைந்த சிப்பைத் திருத்தம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதை மாற்றத்தான் வேண்டும். இந்தச் செயலிகளில் ஒன்றைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்குபவர், இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்பே போர்டின் பயாஸைப் புதுப்பித்து, மின் எல்லையை இன்டெல் குறித்த அளவுக்கு இறக்கிவிட வேண்டும்.